மேல்காதுக் கம்மல்

பிப்ரவரி 4, புதன்
இன்று பார்லரில் ஆறு காது குத்தினேன். ஒன்று கைக்குழந்தை. அழுதது குழந்தையல்ல, தகப்பன். அவருக்கும் ஒரு மிட்டாய் கொடுத்து அனுப்பினேன்.

சாயந்திரம் நாத்தனார் தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். மேல்காதில் கல் வைத்த கம்மல் வேண்டுமாம், நாற்பத்து மூன்று வயதில். மாப்பிள்ளை பார்க்கிறார்களா என்று கேட்டேன். “வந்தா உங்களுக்கும் ஒண்ணு சேத்துக் கேக்கறேன். பேசாம குத்துங்க அண்ணி.”

மேல்காதில் வைக்கக் கூடாது என்று காது குத்தும் துப்பாக்கியின் பெட்டியிலேயே படம் போட்டிருக்கிறது. படம் பார்க்கப் படிப்பு வேண்டாம். பார்த்திருக்கிறேன். ஆனால் பத்தொன்பது வருடமாக ஒன்றும் ஆனதில்லையே. ஸ்பிரிட்டில் துடைத்தேன். டப்.

பிப்ரவரி 8
அவள் காது சிவந்திருக்கிறது. ஒரு காது மட்டும் வெட்கப்படுது என்றேன். சிரித்தாள், தலையை ஆட்டாமல்.

பிப்ரவரி 9
வீக்கம் கம்மலையே விழுங்கப் பார்க்கிறது. கழற்றிவிட்டேன். கழற்றினால் ஆறிவிடும். எல்லாருக்கும் அதைத்தான் சொல்வேன்.

பிப்ரவரி 12, வியாழன்
துளை மூடிக்கொண்டது, சீழ் உள்ளேயே நின்றுவிட்டது. காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மேலே இருப்பது குருத்தெலும்பாம், அங்கே ரத்தம் அவ்வளவாக ஓடாதாம். துப்பாக்கி அதை நசுக்கித்தான் உள்ளே போகுமாம். கம்மலோடு வந்திருந்தால் சீழ் வடிந்திருக்கும் என்றார் டாக்டர். கழற்றிய கை என்னுடையது.

எங்கே குத்தினீர்கள் என்று கேட்டார். “சந்தையில யாரோ” என்றாள் நாத்தனார், என் கையை அமுக்கிக்கொண்டே. ஊரையே பேசி ஓட்டும் வாய் எனக்கு. மூடிக்கொண்டது. ச்சீ.

பிப்ரவரி 13
கீறிவிட்டார்கள். மேல்விளிம்பு பழையபடி நிமிராதாம்.

பிப்ரவரி 19, வியாழன்
சுகாதார இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். புதுச் சட்டம். காது குத்துகிறவர், பச்சை குத்துகிறவர் எல்லாரும் அனுமதி வாங்க வேண்டும். எப்படிச் சுத்தம் செய்கிறேன் என்று கேட்டார். ஸ்பிரிட் என்றேன். துப்பாக்கிக்குள்ளே தெறித்த ரத்தத்தை எந்தத் துணி துடைக்கும் என்றார். பிளாஸ்டிக், வேகவைத்தால் உருகும்.

ஆறு மாதத்தில் யாருக்காவது புண், வீக்கம் வந்ததா என்று அடுத்துக் கேட்டார். பார்லர் முதலாளியம்மா இல்லை என்று தலையாட்டத் தொடங்கினார்.

“ஒருத்தருக்கு. என் நாத்தனார். நான்தான் குத்தினேன், நான்தான் கம்மலையும் கழட்டினேன்.”

இந்தக் குரல் எனக்கே புதுசு. துப்பாக்கியைப் பையில் போட்டு முத்திரை வைத்தார். பயிற்சி முடித்து அனுமதி வாங்கும்வரை யார் காதையும் தொடக் கூடாது.

பிப்ரவரி 20
நாத்தனார் போன் செய்தாள். “உங்க பொழப்பு போயிடக் கூடாதுன்னுதானே பொய் சொன்னேன்? இப்ப இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரில விசாரிச்சு, டாக்டர் முன்னாடி நான் பொய்க்காரி. என் காதும் போச்சு, உங்க வேலையும் போச்சு. என்னத்த சாதிச்சீங்க?”

வைத்துவிட்டாள். கேலியாக ஏதாவது சொல்லியிருக்கலாம். வரவில்லை.

பிப்ரவரி 24
பார்லரில் முடி பெருக்கினேன். மூன்று பேர் காது குத்த வந்து திரும்பிப் போனார்கள்.

மார்ச் 3
பயிற்சி வகுப்பு. ஒவ்வொரு காதுக்கும் புது ஊசி. இடுக்கி எல்லாம் நீராவிப் பெட்டியில் வெந்து வர வேண்டும். பக்கத்தில் உடம்பெல்லாம் பச்சை குத்திய மீசைக்காரர். ஊசிப் படம் ஓடியதும் மயங்கி என் மடியில் சாய்ந்தார். இரண்டு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன். இதைச் சொல்ல நாத்தனார் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு
நாத்தனார் வந்து கதவைத் தட்டினாள். நர்ஸுக்கு இன்று லீவாம், காதுக் கட்டு மாற்ற வேண்டுமாம். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் முழங்கைவரை சோப்புப் போட்டேன். விரல் இடுக்கு, நகக்கண், மறுபடியும் முழங்கை.

“மாவா பிசையப் போறீங்க அண்ணி?”

இன்னொரு முறை தேய்த்தேன். திரும்பிப் பார்த்தபோது முடியை ஒதுக்கி, காதை என் பக்கம் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.