இனியாவின் அறைக்குத் திரை தைத்தது

குனியமுத்தூர்
14.11.1996

அன்புள்ள கௌதமனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். மாசாணியம்மன் புண்ணியத்தில் நீயும் பரோடாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் தங்கையும் இப்போது நலம். இப்போது என்று எழுதக் காரணம் இருக்கிறது கண்ணு. இனியா விடுதியில் தங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று போன இரண்டு கடிதத்திலும் எழுதியது பொய். தீபாவளிக்கு வர வேண்டாம் என்று உன்னைத் தடுத்ததும் அதனால்தான். ஆவணியில் சோறும் தூக்கமும் இல்லாமல் கிடந்தவள், ஒருநாள் மத்தியானம் வீட்டிலிருந்த மாத்திரைகளை விழுங்கிவிட்டாள். அன்றைக்கு அப்பா மில்லிலிருந்து சீக்கிரம் வந்ததால் பிழைத்தாள். "பையன் வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துருவான், சொந்தபந்தத்துக்கும் தெரிஞ்சுபோயிரும்" என்று அப்பா சொன்னார், நானும் தலையாட்டிவிட்டேன். உன்னிடம் மறைத்தது தப்புத்தான். பதறாமல் கடைசிவரை படி.

உயிர் தப்பிய பிறகு மனநோய் வார்டில் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். வெறும் அறை, தரையோடு முடுக்கிய இரும்புக் கட்டில், அணையாத டியூப் லைட், கதவில் ஒரு சதுர ஓட்டை, அதன் வழியாக யாராவது எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, காப்பாற்றத்தான் அப்படி. ஆனால் இனியா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு இங்க வெச்சிருக்காங்கம்மா" என்று கேட்டாள்.

அங்கே அவளைப் பார்த்த டாக்டர் சித்திகா, இந்த மாதிரி இளவயதுப் பிள்ளைகள் தங்கித் தேற உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஆறு அறையில் ஒரு இல்லம் கட்டிக்கொண்டிருந்தார். நான் மெத்தை தைக்கிறவள் என்று தெரிந்ததும், "ஏனுங்கம்மா, என் அறைகளுக்கு நீங்களே தெச்சுக் குடுங்களேன்" என்றார். தங்களுக்கே தீங்கு செய்துகொள்ள எதுவும் கைக்குச் சிக்கக் கூடாது, அதே சமயம் அது அறையைப் பார்த்தால் தெரியவும் கூடாது என்பது அவர் கணக்கு. முதல் பாதி எனக்குப் புரிந்தது, இரண்டாம் பாதி புரியவில்லை. நானும் தச்சர் அரங்கசாமியும் சேர்ந்து முதல் அறையை முடித்தோம். ஆணி இல்லை, கொக்கி இல்லை, உள்தாழ்ப்பாள் இல்லை, கட்டிலுக்கு முனையே இல்லாமல் இழைத்துவிட்டார். நான் சுவர் முழுக்க வெள்ளைத் துணியில் பஞ்சு வைத்துத் தைத்து அடித்தேன். வார்டிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த இனியாவைப் பெருமையோடு கூட்டிப்போய்க் காட்டினேன். அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. "பாதுகாப்பாத்தான் இருக்குதுங்கம்மா. ஆனா இதுல படுத்தா, நான் செத்துப்போயிருவேன்னு எல்லாரும் பயந்துட்டு இருக்கறதுதான் நெனப்புல ஓடும்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் அழவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்து, "அப்ப நீயே சொல்லு அம்மணி, எப்படி இருந்தாத் தூங்குவே" என்று கேட்டார்.

மாதக்கணக்கில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பெண் அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினாள். படுத்தபடியே கதவைப் பார்க்கும்படி கட்டிலைத் திருப்பச் சொன்னாள். விளக்கைக் குறைக்கிற சுவிட்ச் தன் கைக்கு எட்ட வேண்டும், உள்ளே வருகிறவர்கள் கதவைத் தட்டிப்போட்டு வரட்டும், ஆஸ்பத்திரிப் பச்சையில் விரிப்பு வேண்டாம், நம் வீட்டில் இருக்கிற மாதிரி சென்னிமலைப் போர்வை போதும் என்றாள். பஞ்சுச் சுவரை நானே பிரித்தெடுத்தேன். அரங்கசாமி சுவருக்குள்ளேயே அலமாரி பதித்தார். ஜன்னல் திரையை மட்டும், பிடித்து இழுத்தால் கழன்று வந்துவிடும்படி ஒட்டுப்பட்டையில் தைத்தேன். சரியாகக் கழல்கிறதா பார்க்க இரண்டு கையாலும் பலமாக இழுத்தேன், திரையோடு பொத்தென்று தரையில் உட்கார்ந்தேன். அரங்கசாமி "அய்யோ அக்கா" என்று ஓடிவந்தார், இனியா சிரித்துவிட்டாள். இடுப்பு வலி நாலு நாள் இருந்தது, எனக்கு அது வலியாகவே தெரியவில்லை.

அந்த அறையில் முதலில் தங்கியது அவள்தான். நேற்று மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் விளக்கு வைக்கிற நேரம் வரை தூங்கினாள், நான் வெளியே உறை தைத்துக்கொண்டிருந்தேன். முன்பு சொந்தபந்தத்துக்குப் பயந்த அப்பா, இப்போது ஞாயிறானால் உக்கடத்தில் பஸ் ஏறிவிடுகிறார், எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு மகளைப் பார்க்க என்று சொல்கிறார். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். எழுந்திருக்கவே முடியாத நாளும் வருகிறது, மாத்திரை இன்னும் வெகு நாள் சாப்பிட வேண்டும். ஆனாலும் மீதி ஐந்து அறைக்கு டாக்டர் அவளைத்தான் யோசனை கேட்கிறார். கார்த்திகை தீபத்துக்கு வீட்டுக்கு அனுப்புவதாகவும் சொல்லியிருக்கிறார். "அண்ணனுக்கு உண்மைய எழுதீருங்கம்மா. நான் இப்பச் சாப்புடறேன்னும் எழுதுங்க" என்று அவளேதான் சொன்னாள்.

வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. உடம்பைப் பார்த்துக்கொள், மனசுக்குள் எதையாவது போட்டுப் புழுங்கினால் அம்மாவுக்கு எழுது. தாயும் தகப்பனும் மனசார வாழ்த்துகிறோம், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, இல்லத்து விலாசம் பின்பக்கம் இருக்கிறது, அவளுக்கு ஒரு கடிதம் போடு. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்காதே. நீ அங்கே சப்பாத்தி சுடப் பழகிய கதையை எழுது. பதில் வராவிட்டால் அடுத்த வாரமும் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
சாமியாத்தாள்