ஒற்றைக் கையால் தூக்க முடியாத வண்டி

அண்ணே,

இன்று காலை எதிர்வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் பிரஷ்களை மண்ணெண்ணெயில் கழுவி, கழுவியதை வாசலிலேயே கொட்டிவிட்டார்கள். கோரிப்பாளையத்தில் எங்கள் சந்து எவ்வளவு குறுகல் என்று உனக்குத் தெரியும். வாடை நேராக என் அடுப்படிக்கு வந்துவிட்டது. புளி கரைத்துக்கொண்டிருந்தவள் கையைச் சட்டியிலேயே வைத்தபடி நின்றுவிட்டேன். சோழவந்தானில் உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் ஏழு மாதம் நான் சுவாசித்த வாடை அது. குழம்பைப் பாதியில் இறக்கி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

உன் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது என்று தெரிந்தபோது உனக்கு நாற்பத்தொன்பது வயது. மின்கம்பம் ஏறி இறங்கி முறுக்கேறிய லைன்மேன் உடம்பு. அதைத் திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் மதுரைக்குக் கொண்டுவந்து, நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மிஷினோடு கட்டிப்போட வேண்டும் என்றார்கள். யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் மாற்றி வைக்கலாம். மதினிக்குச் சர்க்கரை, அவளால் கொடுக்க முடியாது. உங்களுக்குப் பிள்ளை இல்லை. அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். மிச்சம் நான் ஒருத்தி. நீ என்னிடம் கேட்கவே இல்லை. நானாகத்தான் வாயைத் திறந்து, நான் தருகிறேன் என்றேன். "வெடுக்குனு சொல்லாத தங்கச்சி. வீட்ல பேசிட்டுச் சொல்லு" என்றாய்.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் பொருந்துகிறது, இன்னும் இரண்டு பரிசோதனைதான் பாக்கி என்றார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கேட்டார், "நமக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு. ஒனக்கு ஒண்ணுன்னா அதுகள யாரு பாக்குறது?" அவர்தான் தடுத்தார் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவர் ஒரு தடவைதான் கேட்டார். இரண்டாவது தடவை கேட்க நான் விடவில்லை. ஸ்கேன் எடுத்த அறையில், பச்சைத் துணி போர்த்தி ஒருவரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனதைப் பார்த்ததிலிருந்து கண்ணை மூடினால் அதில் நான்தான் படுத்திருந்தேன். மறுநாள் உனக்குப் போன் செய்து, "சேரலையாம்ணே" என்றேன். "சரி விடு. சாப்டியா?" என்றாய்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் உன்னிடமிருந்து போன் இல்லை. நீ மிஷினில் படுத்திருக்கும் ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம்தான். நானும் வரவில்லை. திடீரென்று ஒரு நாள் கூப்பிட்டு, "வியாழக்கிழமை வாரியா? புல்லட்ட வெளிய எடுக்கணும்" என்றாய்.

வேலை கிடைத்த வருஷம் நீ வாங்கிய வண்டி அது. ஸ்கூட்டர் வந்தபின் பின்னால் இருந்த தகர மாட்டுக் கொட்டகையின் மூலையில் சாத்தி வைத்து, பதினாறு வருஷம் யாரும் தொடவில்லை. அன்று உள்ளே போய்ப் பார்த்தபோது இரண்டு டயரும் மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. சைலன்சர் தொட்ட இடத்தில் பொருபொருவென்று உதிர்ந்தது. "இது எதுக்குண்ணே இப்ப?" என்றேன். "மிஷினுக்குப் போறது, வாரது, படுக்குறது. இம்புட்டுத்தான்னு ஆயிருச்சு. மத்த நாளைக்கு ஏதாச்சும் ஒரு வேல வேணாமா?" என்றாய்.

ஊசி குத்துவதற்காக உன் இடது கையில் ரத்தக்குழாயை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையால் ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது. அதனால் தூக்குகிற வேலையெல்லாம் எனக்கு. ஒவ்வொரு வியாழக்கிழமையும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு பஸ் ஏறுவேன். சேலையைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தால் நீ சொல்லச் சொல்ல நட்டுகளைக் கழற்றி மண்ணெண்ணெய் நிரப்பிய அலுமினியச் சட்டியில் போடுவேன். பெட்ரோல் டேங்குக்குள் ஆற்றுக் கூழாங்கல்லையும் மண்ணெண்ணெயையும் போட்டு, உள்ளே இருக்கும் துரு உதிரும்வரை அரை மணி நேரம் ஆட்டச் சொல்வாய். தோள் கழன்றுபோகும். ஒருமுறைகூட வலிக்கிறது என்று நான் சொல்லவில்லை. வலிக்கட்டும் என்றிருந்தது.

கோடையில் தகரம் கொதிக்கும். உனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அனுமதி. ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, கார்புரேட்டரை ஊதி ஊதிப் பார்ப்பாய். உனக்குத் தெரியாமல் தண்ணீர் குடிக்க நான் அடுப்படிக்குப் போவேன். மூன்றாவது தடவை எழுந்தபோது, "இங்கனயே குடி. நீ குடிக்கிறதப் பாத்து எனக்கு ஒண்ணும் ஆயிராது" என்றாய். அன்று செம்பைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டேன்.

பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் போயிருந்தது. பிளக் ஓட்டை வழியாக டீசலை ஊற்றிப் பதினைந்து நாள் ஊறப்போட்டோம். பிறகு கட்டையை வைத்துத் தட்டித் தட்டி எடுத்தோம். சிலிண்டரை ஒயர் கூடையில் வைத்து மடியில் ஏந்தி, கோரிப்பாளையம் லேத் பட்டறை பாயிடம் கொண்டுவந்தது நான்தான். அவர் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். "தேச்சுத் தாரேம்மா. ஓடும். எத்தன நாளைக்கு ஓடும்னு மட்டும் கேக்காதீங்க, அது அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றார். அதை உன்னிடம் வந்து சொன்னேன். நீ சிரித்தாய். மதினி சிரிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை உன் இடது கையை நீட்டி, "தொட்டுப் பாரு" என்றாய். தையல் போட்ட இடத்தில் விரல் வைத்தேன். தோலுக்கு அடியில் ரத்தம் விறுவிறுவென்று அதிர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. "இஞ்சின் ஓடுது பாத்தியா" என்றாய். நான் கையை எடுத்துக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் உப்புத்தாளை எடுத்து மட்கார்டைத் தேய்க்கப் போய்விட்டேன்.

ஏழாவது மாதம் வண்டி முழு உருவத்துக்கு வந்தது. கிக்கரை உதைக்க உன் காலில் வலு இல்லை. என்னைத்தான் உதைக்கச் சொன்னாய். நான்கைந்து தடவை உதைத்தேன். ஒரு தடவை எகிறி வந்து கணுக்காலில் அடித்தது. மதினி வாசற்படியில் நின்று, "போதும் விடுங்க, அவ கால ஒடிச்சிராதீக" என்று கத்தினாள். அடுத்த உதைக்குப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. கொட்டகைத் தகரமெல்லாம் தடதடத்தது. நீ டேங்கின் மேல் கையை வைத்தபடி நின்றாய். முகத்தில் சந்தோஷம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "ஏறு" என்றாய்.

வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி, தென்னந்தோப்புகளைத் தாண்டி மெதுவாக ஓட்டினாய். வைகைப் பாலத்தின் நடுவில் நிறுத்தினாய். கீழே தண்ணீர் இல்லை, மணலும் நாணலும்தான். திரும்பாமல், ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே பேசினாய்.

"ஆஸ்பத்திரியில இருந்து எனக்குப் போன் பண்ணுனாக. ஒன் நம்பர் எடுக்கலையாம். தங்கச்சிக்கு எல்லாம் பொருந்துது, மிச்ச டெஸ்ட்டுக்கு ஏன் வரலன்னு கேட்டாக."

"எப்பண்ணே?" என்று மட்டும் கேட்டேன்.

"நீ சேரலைன்னு சொன்னேல்ல, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு."

"அண்ணே, நான்…"

"பொறு. கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஒன் மூஞ்சில முழிக்கவே கூடாதுன்னு இருந்தேன். பயமா இருக்குண்ணேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டிருப்பேன்ல? பொய் சொன்ன பாரு, அதான் தாங்கல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். "ஆனா இந்த வண்டிய ஒத்தக் கையால தூக்க முடியல. வேற யாரக் கூப்புடுறதுன்னு யோசிச்சேன். ஒன் பேருதான் வந்துச்சு."

அவ்வளவுதான். வண்டியைத் திருப்பினாய். வீடு வரைக்கும் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சட்டைக்குள் எலும்பு தெரிந்தது. வீட்டில் இறங்கியதும், "அடுத்த வாரம் வாரப்ப மஞ்சக் கலர் துணி ரெண்டு வாங்கியா, தொடைக்க" என்றாய், ஒன்றும் பேசாதவனைப் போல.

அதற்கு அடுத்த மூன்றாவது புதன்கிழமை, மிஷினில் இருக்கும்போதே உன் ரத்த அழுத்தம் இறங்கிப் போனது. போன் வந்ததும் இரண்டு பஸ் நிறுத்தம் ஓடிவந்தேன். நான் வந்து சேர்ந்தபோது குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். உன் இடது கையைத் தொட்டேன். ஒன்றும் ஓடவில்லை.

மதினிக்கு நீ எதுவும் சொல்லவில்லை என்று சாவு வீட்டிலேயே தெரிந்துவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் நான் வியாழக்கிழமை தவறாமல் போனேன். எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பாள். வண்டியின் மேல் பழைய போர்வை ஒன்றைப் போர்த்தியிருந்தாள். உன் வருஷத் தெவசத்தன்று, பந்தியில் எல்லோரும் இருக்கும்போது என் இலைக்கு முன்னால் நின்று, "கூடப்பொறந்தவன்னா இவளப் போல இருக்கணும். அந்த மனுசனுக்குக் கடைசி வரைக்கும் கை குடுத்தது இவதான்" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

அதைத் தாங்க முடியவில்லை, அண்ணே. அடுத்த வியாழக்கிழமை போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் மதினியிடம் சொல்லிவிட்டேன்.

திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்துப் போனேன். அவள் கேட்டது ஒன்றுதான். "அவருக்குத் தெரியுமா?"

"தெரியும் மதினி. மொதல்லருந்தே."

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "அப்ப எனக்குன்னு ஒரு ஆளு இருக்கட்டும்னுதான் வாயத் தொறக்காமப் போயிருக்காரு. நீ அதயும் புடுங்கிட்டுப் போக வந்திருக்க. ஒன் மனசு லேசாகணும்னா கோயிலுக்குப் போயி அழுதிருக்கலாம்ல? எதுக்கு எங்கிட்ட வந்த?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதுவரை எனக்குப் புரியாதது அப்போது புரிந்தது. உன் கோபத்தை முழுங்கிக்கொண்டு, அவளுக்காக நீ பத்திரமாக வைத்துவிட்டுப் போனதை நான் ஒரு மதியத்தில் உடைத்துவிட்டேன். முதல் தடவை பயந்து பொய் சொன்னேன். இரண்டாவது தடவை தாங்க மாட்டாமல் உண்மை சொன்னேன். இரண்டு தடவையும் என்னைத்தான் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஐந்து வியாழக்கிழமை போயிருக்கிறேன். இரண்டு தடவை கதவு திறக்கவில்லை. வாசலில் உட்கார்ந்துவிட்டு மதிய பஸ்ஸில் திரும்பினேன். மூன்றாவது தடவை திறந்தாள், பேசவில்லை. நான்காவது தடவை பிள்ளைகள் சௌக்கியமா என்று கேட்டாள், என் முகத்தைப் பார்க்காமல். போன வாரம் வெறும் ரசச் சோறு ஒரு தட்டில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

பாலத்தில் நீ சொன்னதை ஒரு சொல் விடாமல் மனதுக்குள் திருப்பிப் பார்க்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று நீ சொல்லவில்லை. எங்கே தேடினாலும் அந்த வார்த்தை அதில் இல்லை. என் மூஞ்சியில் முழிக்கக் கூடாது என்றிருந்தவன், தூக்க ஆள் வேண்டும் என்றதும் என்னைக் கூப்பிட்டாய். அது மட்டும் இருக்கிறது. மதினி என்னைக் கூப்பிட மாட்டாள். ஆனால் அவளுக்கும் இனி வேறு யாரும் இல்லை.

நாளைக்கு வியாழக்கிழமை. போறேன், அண்ணே.