பட்டியலில் நான் விலக்கிய பெயர்

என் உயிரான அத்தாவுக்கு,

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்துவிட்டது. நெய்ச்சோறு நன்றாக வந்திருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பரிமாறிக்கொண்டே இருந்துவிட்டேன். கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய இத்தாவில் அம்மா இருப்பதால் மாடம்பாக்கம் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. அதனால் நாளைக் காலை போலீஸ் விசாரணைக்கு நான் மட்டும்தான் போகிறேன்.

உங்கள் கையில் இருந்த துப்பாக்கி ஏன் வெடித்தது என்று கேட்பார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று எங்கள் செக்யூரிட்டி கம்பெனி மேனேஜர் நேற்றே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டார். "ட்ரெயினிங் வேணாம்னு உங்க ஃபாதரே சொல்லிட்டாரு, எக்ஸ் மிலிட்டரி, கௌரவம் பாத்தாருன்னு சொல்லிடும்மா. உனக்கும் பிரச்சினை இல்ல, கம்பெனிக்கும் பிரச்சினை இல்ல." நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆமாம் அத்தா, தலையாட்டினேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

உங்களைப் போலத் தாம்பரம் நகைக்கடையில் கைத்துப்பாக்கியோடு காவல் நிற்கிறவர்கள், வண்டலூர்ப் பக்கம் நாலு நாள் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது கம்பெனி விதி. போலீசிலோ ராணுவத்திலோ இருந்தவர்களுக்கு மட்டும் அது கட்டாயமில்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகல் இருந்தால் போதும். யார் போக வேண்டும், யார் போக வேண்டாம் என்ற பட்டியலை டைப் அடிப்பது என் வேலை.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்து அந்தப் பட்டியல் போடுகிற சமயம், அடுப்படி வாசலில் வந்து நின்றீர்கள். "ஷமீமா, நானும் அந்த நாலு நாள் போயிட்டு வரட்டாம்மா? நான் புடிச்சதெல்லாம் ரைஃபிள். பிஸ்டல ஆபீசருங்க இடுப்புல பாத்ததோட சரி. ரைஃபிளத் தொட்டே பதினேழு வருஷம் ஆச்சு."

நான் தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னேன். "ஹவில்தார் காதர் போய் நேத்து வேலைக்குச் சேந்தவங்களோட உக்காந்து கத்துக்கப் போறீங்களாக்கும். ஆபீஸ்ல என்னப் பாத்துதான் சிரிப்பாங்க."

அது பொய் அத்தா. யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அந்த வாரம் என் மகளை ஸ்கூலிலிருந்து கூட்டிவர உங்களை விட்டால் ஆளில்லை என்று நினைத்தேன், அவ்வளவுதான். அதை நேராகச் சொல்லியிருந்தால் நீங்கள் அடுத்த தடவை போகிறேன் என்றிருப்பீர்கள். நான் உங்கள் மானத்தில் கை வைத்தேன், நீங்கள் திரும்பிப் போய்விட்டீர்கள். உங்கள் பெயருக்கு நேரே 'விலக்கு' என்று நானே அடித்தேன்.

துப்பாக்கி வெடித்த அன்று காலை எட்டு மணிக்கு உங்களிடம் காவல் மாற்றிக்கொள்ள வந்த குமார், பாத்திஹா அன்று வாசலிலேயே நின்று அழுதார். முன்பு ஆட்டோ ஓட்டியவர், அந்தப் பயிற்சிக்குப் போய்வந்தவர்.

"பாய் மொதல்ல துப்பாக்கி மேல்பாகத்த இஸ்த்தாரு அக்கா, அப்பாலதான் குண்டு இருக்குற மேகஸின கயட்னாரு. எங்க கிளாஸ்ல, மொதல்ல மேகஸின கயட்டு, அப்பால இஸ்துப் பாருன்னு நூறு தபா சொன்னாங்க. மாத்திச் செஞ்சா ஒரு குண்டு உள்ளயே மாட்டிக்கும். இரு பாய்னு நான் சொல்றதுக்குள்ள செவுத்தப் பாத்து ட்ரிக்கர அமுக்கிட்டாரு."

காலி என்று நினைத்த துப்பாக்கியை எதற்கு அழுத்த வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியும். சின்ன வயதில் ராணுவக் குவார்ட்டர்ஸில் பார்த்திருக்கிறேன். காவல் முடிந்ததும் துப்பாக்கியைக் காலிசெய்து, மணல் மூட்டைகளைப் பார்த்து ஒரு தடவை அழுத்திக் காட்டிவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுப்பீர்கள். உங்கள் கை அந்தப் பழக்கத்தை மறக்கவில்லை. வரிசையைத்தான் மறந்துவிட்டது. நகைக்கடையில் மணல் மூட்டைக்கு எங்கே போவது? கிரானைட் சுவரில் பட்டுத் திரும்பிய குண்டு உங்கள் தொடையில் பாய்ந்தது. வண்டி குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ரொம்ப வலித்ததா அத்தா? அந்தக் கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் நான் சொன்னது ஞாபகம் வந்ததா?

உங்கள் பேத்தியை இப்போது பக்கத்து வீட்டு மேரி அக்கா கூட்டிவருகிறார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. "இத அப்பவே கேட்டிருக்கலாமே ஷமீமா" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. நாளை கிளம்புமுன் அவளிடம் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்ப்பாளா, தெரியவில்லை. வேலையும் போகும், போகட்டும். வீம்பு பிடித்த கிழவன், கற்றுக்கொள்ள மறுத்துச் செத்தான் என்று உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுத விடமாட்டேன். அவர் கேட்டார், நான்தான் வேண்டாமென்றேன் என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இது சத்தியம்.

அந்த நாலு நாளுக்கு உங்களை அனுப்பாத மகள்,
ஷமீமா