எனக்குச் சந்தகை ஆகாது

23.11.95 வியாழன்

காலையில் தூறல். சிங்காநல்லூர் சிக்னலில் சைக்கிள் செயின் அறுந்தது. இரண்டே நிமிடத்தில் கோத்தேன். ஐம்பது பேர் நின்று பார்த்தார்கள். (ஆறு பேர்.)

ஷிப்ட் முடிந்து அக்கா வீடு. கவிதா கல்யாணப் பேச்சு. காந்திபுரம் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள் அக்கா மகள். அந்தக் கடைக்குப் பெட்ஷீட் கொண்டுவருகிற சென்னிமலைப் பையன் செந்தில். இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. போன ஞாயிறு பையன் வீட்டார் வந்தபோது நான் மில்லில். வந்தவர்கள் கை நனைக்கவில்லையாம். பெண் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் சம்பந்தம் உறுதி, சாப்பிடாமல் எழுந்தால் அத்தோடு சரி என்பது நம் பக்கத்து வழக்கம்.

அக்கா சொன்னது: "நல்லாத்தான்டா பேசிட்டிருந்தாங்க. பையனோட அம்மா செவுத்துல உன்ர போட்டாவைப் பாத்துப்போட்டு, இது ஆருங்கன்னாங்க. என்ர தம்பின்னேன். காப்பியைக் கீழ வெச்சுட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வாரோம், அன்னிக்கு உங்க தம்பியும் இருக்கோணும்னாங்க."

"என்ர மூஞ்சி ராசி அப்படிக்கா."

"கிழிச்சுது."

"அந்தம்மா பேரு?"

"வசந்தாமணி."

செயின் மசி இன்னும் கையில் இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன். மூன்று தரம்.

24.11 வெள்ளி

மழை இல்லை. ஞாயிறுக்கு லீவு லெட்டர் கொடுத்தேன். எட்டாவதுதான் படித்தேன், ஆனால் மில்லில் பி.ஏ. படித்தவர்களுக்கும் லீவு லெட்டர் நான்தான் எழுதித் தருகிறேன். (ஒருவருக்கு. அவருக்கு அன்று கையில் கட்டு.)

என் காதல் கதை டிபார்ட்மெண்ட் முழுக்கத் தெரியும். பொள்ளாச்சி மிட்டாதாரர் மகள். குதிரை வண்டி. எனக்காக விஷம் குடிக்கப் போனாள், நான் பாய்ந்து தட்டிவிட்டேன். சொல்லிச் சொல்லி அந்தக் குதிரையின் நிறம்கூட இப்போது கண்ணில் நிற்கிறது. அக்காவுக்கும் இதே கதைதான்.

இந்த டைரியில் மட்டும் எழுதி வைக்கிறேன். குதிரை இல்லை. வ. சென்னிமலைக்காரி. இங்கே பெரியம்மா வீட்டில் தங்கித் தையல் படித்தாள். பஸ் ஸ்டாப் பழக்கம். ஒன்றரை வருடம். பெண் பார்க்க வருகிறோம் என்றதும் அவளுக்குப் பயம். "உங்கப்பா எந்திரிச்சுட்டா?" என்றாள். "எங்கப்பன் எந்திரிச்சாலும் நான் உக்காந்து சாப்புடுவேன், பாரு" என்றேன்.

போனது அப்பா, பெரியப்பா, நான். இரண்டு பேரும் இன்று இல்லை. இலையில் சந்தகை, நம் பக்கத்து இடியாப்பம், அவள் பிழிந்தது. தேங்காய்ப்பால் சொம்போடு சமையல்கட்டு வாசலில் நின்றாள். அவள் அண்ணன் வேற்றுச் சாதியில் கட்டிக்கொண்ட சேதி அப்போதுதான் யாரோ சொல்ல, அப்பா எழுந்தார். "எந்திரிங்கடா."

அப்பாவிடம் சிங்கம் மாதிரி கர்ஜித்தேன்.

கர்ஜிக்கவில்லை. எழுந்தேன். அப்பா செருப்பை எடுத்து நேராக வைத்தேன்.

25.11 சனி

வாங்கியது: தேங்காய் 6, வாழையிலை 1 கட்டு, வெல்லம், ஏலக்காய், அப்பளம். மறந்தது: வெற்றிலை. மச்சான் திட்டினார். அவர் எப்போதும்தான் திட்டுகிறார்.

அக்கா நாளைக்குச் சந்தகை என்று முடிவு செய்துவிட்டாள். சூடு ஆறுவதற்குள் பிழிய வேண்டும், மெஷின் கைப்பிடியைச் சுற்ற என் கைப்பலம் வேண்டும். "உனக்குத்தான் ஆகாதே, ரெண்டு இட்லி எடுத்து வெக்கறேன்" என்றாள். சந்தகை தொட்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று லண்டனில் படித்த மெட்ராஸ் டாக்டர் சொன்னதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். இருபத்து மூன்று வருடமாக ஒருவரும் அந்த டாக்டரின் பெயரைக் கேட்டதில்லை.

கவிதா தேங்காய் துருவிக்கொண்டே அழுதாள்.

"அந்தம்மா நாளைக்கும் கை நனைக்கலீன்னா என்னுங் மாமா பண்றது?"

"செந்தில் என்ன சொல்றான் கண்ணு?"

"அம்மா எந்திரிச்சாலும் நான் உக்காந்து சாப்புடுவேன்னு சொல்றாருங்."

ஏதாவது பெருமையாகச் சொல்லித் தேற்றலாம் என்று பார்த்தேன். வெற்றிலை வாங்கப் போனேன்.

26.11 ஞாயிறு

வெயில். விடியற்காலையிலிருந்து பிழிந்தேன். நூறு ஈடு. (ஒன்பது.) வெள்ளைச் சட்டை போட்டேன், பொத்தான் வயிற்றில் நின்றது.

பதினோரு மணிக்கு வந்தார்கள். வ.வுக்கு முன்நெற்றியில் நரை. கண்ணாடி. கும்பிட்டாள், நானும் கும்பிட்டேன். அவள் வீட்டுக்காரர் தங்கமான மனுசன், என் கையைப் பிடித்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினார். நல்லவராக இல்லாமல் இருந்திருக்கலாம்.

பந்தி. இலையில் சந்தகை. நான் தேங்காய்ப்பால் சொம்போடு நின்றேன். வ. கை மடியில். அவள் கை போகாததால் வீட்டுக்காரர் கையும் போகவில்லை. செந்தில் தலை குனிந்து இலையையே பார்த்தான். அவன் கையும் மடியில்தான். அந்த உட்காரல் எனக்குத் தெரியும்.

வ. சொன்னாள்: "ஏனுங்க, பொண்ணோட மாமனுக்கு எலை போடலீங்களா? அவிக மொதல்ல கை நனைக்கட்டுமுங்க. அப்பறம் நான் நனைக்கறேன்."

மச்சானுக்கு ஒரே சிரிப்பு. "பாருங்க, மாமனுக்கு என்ன மரியாதைன்னு!" எதிரில் இலை போட்டார்கள். உட்கார்ந்தேன். சந்தகை விழுந்தது. கையை இலைக்குக் கொண்டுபோனேன்.

அக்கா ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "ஐயோ, தம்பிக்குச் சந்தகை ஆகாதுங்க. டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டாரு. தொட்டு இருவத்தி மூணு வருசமாச்சுங்க."

வ. கேட்டாள்: "எத்தன வருசமுங்க?"

"இருவத்தி மூணுங்க."

என்னைப் பார்த்தாள். எண்ணிப் பார்த்திருப்பாள். டாக்டரே கிடையாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்கா பிடித்த கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"சேரி, விடுங்க. ஆகாதவிங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது" என்றாள். கவிதாவைக் கூப்பிட்டாள். "பாலை நீ ஊத்து கண்ணு." ஒரு வாய் எடுத்தாள். செந்தில் அள்ளி அள்ளித் தின்றான். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தை மாதம் கல்யாணம்.

என் முன்னால் இருந்த இலையை அக்கா எடுத்துப் போய்விட்டாள். நான் எழுந்தேன். கை காய்ந்தே இருந்தது. இந்தத் தரம் செருப்பை எடுத்து வைக்க அப்பா இல்லை.

பஸ் ஏறும்போது வ. கவிதாவிடம் சொன்னாள், எனக்கும் கேட்டது: "பால்ல ஏலக்காய் சித்தெ எச்சா போயிடுச்சு கண்ணு. மத்தபடி நல்லாருந்துச்சு."

மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

அந்த ஒரு வாய்தான்.

27.11 திங்கள்

மறுபடி தூறல். மில்லில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தேன். சம்பந்தி வீட்டில் மாமன் கை நனைத்தால்தான் ஆச்சு என்று ஒற்றைக் காலில் நின்றார்கள் என்றேன். முதல் தடவையாக, சொன்னதில் பொய் இல்லை. யாரும் நம்பவில்லை.

சாயங்காலம் அக்கா வீடு. சமையல்கட்டில் ஒரு தட்டு நேற்றைய சந்தகை, விறைத்துப்போய். கேட்டேன்.

"உனக்கு ஆகாதேடா? டாக்டரு?"

"அந்த டாக்டர் செத்துட்டாருக்கா."

அக்கா என்னையே பார்த்தாள். தட்டைக் கொடுத்தாள். தேங்காய்ப்பால் தீர்ந்திருந்தது. வெறும் சந்தகை.