டோரூனில் மூன்று எண்ணியபோது

கட்டோவிட்சே
4 பிப்ரவரி 2019

அன்புள்ள லிதியா,

என் தொலைபேசி எண்ணை நீ முடக்கிவைத்திருப்பதால் கடிதம். நலம்தானே? அடுத்தவன் கூட்டத்தைக் களவாடுகிறவர்களுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை பிட்கோஷ்சில் நான் மல்யுத்தக் காட்சி வைத்தேன். அதே மாலை, இரண்டு தெரு தள்ளி நீயும் வைத்தாய். எனக்கு அறுபது பேர். உனக்கு, சுவரொட்டி ஒட்டிய உன் ஆட்களையும் சேர்த்து ஐம்பது என்று கேள்வி. போலந்து முழுவதும் நமக்காக வருகிறவர்களைத் திரட்டினால் ஒரு மாதாகோவில் நிரம்பாது. அதையும் ஏன் இரண்டாகக் கிழிக்க வேண்டும்?

ஏப்ரலில் டோரூனில் சேர்ந்து நடத்துவோம். உன் சாம்பியனும் என் சாம்பியனும் மோதட்டும். உன் குழுவின் தரம் எனக்குத் தெரியும். இருந்தும் கேட்கிறேன்.

செசாரி


கிடீனியா
11 பிப்ரவரி

மதிப்பிற்குரிய செசாரி அவர்களுக்கு,

‘என் சாம்பியன்’ என்று யாரையோ சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். நிறுவனம் உங்களுடையது. யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே எழுதுகிறவர் நீங்கள். ஆறு வருடமாக ஜெயிக்கிறவரும் நீங்கள். தன் கல்யாணத்துக்குத் தானே மொய் எழுதிக்கொள்கிற ஒரே மனிதரை உங்களிடம்தான் பார்த்தேன். பதினோரு வருடம் உங்கள் குழுவில் மல்லுக்கட்டி அடிபட்டு விழுந்தவள் சொல்கிறேன்.

இருந்தாலும் சம்மதம். ஒரே நிபந்தனை: வெல்வது எங்கள் ஹூபெர்ட். பகலில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. எவ்வளவு கனமான ஆளைத் தூக்கினாலும் கண்ணாடிச் சாமான் மாதிரி இறக்கிவைப்பான்.

அவனிடம் சொன்னேன். “அவரு தோக்க ஒத்துக்குவாராக்கா?” என்றான்.

“ஒத்துக்குவாருடா. ஆனா பல்லைப் பிடுங்கின மாதிரி வலிக்கும்.”

லிதியா


கட்டோவிட்சே
19 பிப்ரவரி

லிதியா,

சரி, தோற்கிறேன். நாற்பத்தொன்பது வயதில் ஒரு வெல்டரிடம். உன் பையன் மேலே விழும்போது பற்றவைத்துவிடாமல் பார்த்துக்கொள்.

செசாரி


கட்டோவிட்சே
29 ஏப்ரல்

அன்புள்ள லிதியா,

மருத்துவமனையிலிருந்து நேற்றுத்தான் வந்தேன். ஒன்பது நாள் பீட்ரூட் சூப். உன்னிடமிருந்து ஒரு ஆரஞ்சுப் பழம்கூட வரவில்லை.

நீ கோபமாக இருப்பாய். பேசியபடி நான் படுத்தேன். நடுவர் இரண்டு எண்ணினார். மூன்று வரை என் தோள் தரையில் கிடந்திருந்தால் உன் பையன் ஜெயித்திருப்பான். முந்நூறு பேர் என் பெயரைக் கத்தினார்கள். தோளைத் தூக்கிவிட்டேன். வாக்குத் தவறியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பிறகு நடந்ததற்கு என்ன சொல்வாய்? உன் சாம்பியனைப் பிடித்து அமுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. எழ முடியவில்லை அவனால். இருபத்தாறு வயது! நீ பயிற்சி தருகிறாயா, பாலாடைக்கட்டி செய்கிறாயா?

பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கியது. யாரோ பயந்துபோய் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டார்கள்.

இன்னமும் சாம்பியன்,
செசாரி


கிடீனியா
6 மே

செசாரி அவர்களுக்கு,

இதைச் சொல்லமாட்டேன் என்று ஹூபெர்ட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்தபின் என்னால் முடியவில்லை. வாக்குத் தவறுவதை உங்களிடம்தானே கற்றேன்.

நீங்கள் அவனை அமுக்கவில்லை. அவன்மேல் சரிந்தீர்கள். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“உதடு நீலமாயிடுச்சுக்கா. ‘போதும் சார், படுங்க’ன்னு காதுல சொன்னேன். ‘நான்தான்டா ஜெயிக்கணும்’னாரு. அதுக்கு மேல பேச்சு வரல. ஜெயிக்காம அந்த மனுஷன் ஓயமாட்டாருன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் அவரு கையை இழுத்து என் மேல போட்டுக்கிட்டு, நானே படுத்துட்டேன்.”

மூன்று எண்ணியதும் ஆம்புலன்ஸ் என்று கத்தியவனும் அவன்தான். பட்டறையில் இப்போது அவனுக்குப் பெயர் ‘கிழவனிடம் தோற்றவன்’. சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்காருகிறானாம். உண்மையைச் சொல்லேன்டா என்றேன். “வேணாங்கா. அவருக்கு அது ஒண்ணுதானே இருக்கு” என்றான்.

இனி எனக்கு எழுதாதீர்கள்.

லிதியா


கட்டோவிட்சே
14 மே

லிதியா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நான் எப்போது நீ சொன்னதைக் கேட்டேன்?

பொய்யென்று சொல்வார்கள் என நம்பி, உன் கடிதத்தை என் ஆட்கள் ஏழு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். கடைசியில் க்ஸாவெரிதான் வாயைத் திறந்தான்.

“எங்களுக்குத் தெரியும் பாஸ்.”

“ஏன்டா யாரும் சொல்லல?”

“சொன்னா எங்களை அடுத்த ஆட்டத்துல சேர்ப்பீங்களா?”

ஆறு வருடமாக இப்படித்தான் ஜெயித்திருக்கிறேன் போலிருக்கிறது.

மே 25 அன்று உன் ஊரில் காட்சி இருப்பதாகச் சுவரொட்டியில் பார்த்தேன். எழுத்துப்பிழை இரண்டு. நான் வருகிறேன். பட்டறை ஆட்களை முன்வரிசையில் உட்காரவை. டோரூனில் நடந்ததை ஒலிபெருக்கியில் என் வாயாலேயே சொல்வேன். உன் கூட்டம் ஊளையிடட்டும், அதற்கு வேறென்ன தெரியும்?

இனி மல்லுக்கட்டவே கூடாது என்கிறார் மருத்துவர். மூன்று எண்ணும்வரை ஹூபெர்ட்டின் கீழே படுக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

செசாரி