குறிப்புப் பெட்டியில் முப்பது எழுத்து

நாள் 212. காலை 07:40

உள்ளறைக் காற்றழுத்தம் சரி. தண்ணீர் சுத்திகரிப்பு சரி. ஆக்சிஜன் சிலிண்டர் 410, உள்ளறையில் ஆறு, மற்றதெல்லாம் வெளிக் கொட்டகையில். அணுப்பெட்டி வேலை செய்கிறது. விளக்குக்கும் விசிறிக்கும் மட்டும் அதன் மின்சாரம் போதும். புயல் ஒன்பதாவது நாள். ஜன்னலுக்கு வெளியே மிளகாய்த்தூள் கொட்டினது போல இருக்கிறது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் தில்லைக்கரசி. செவ்வாயில் நான்காம் சரக்குக் கிடங்கின் காப்பாளர். இங்கே நான் ஒருத்திதான். 140 கிலோமீட்டர் தள்ளி ஒரு குடியிருப்பு, அதில் ஒன்பது பேர். மேட்டின் மேல் இருப்பதால் மேட்டுக்குடி என்று பெயர் வைத்தார்கள். அந்த மேட்டுக்குடி மக்கள் கிழிந்த சாக்ஸைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொள்கிறவர்கள். அங்கே மருத்துவராக இருப்பவள் என் தங்கை இளவேனில்.

அவர்களுக்கு வேண்டியதை ஆன்லைன் கடையில் ஆர்டர் போடுவார்கள். ஓட்டுநர் இல்லாத சரக்கு வண்டி கொண்டுபோய் இறக்கும். கடையின் மென்பொருள் பூமியில் சட்டையும் செருப்பும் விற்பதற்காக எழுதியது. அப்படியே தூக்கி இங்கே வைத்துவிட்டார்கள். இன்னும் பின்கோடு கேட்கிறது. குடும்பப் பெயர் போடாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. நம்மில் யாரிடம் அது இருக்கிறது? எல்லோரும் அப்பா பெயரைப் போட்டுவிட்டார்கள். ஆகவே செவ்வாயில் பற்பசை வாங்குவதெல்லாம் செத்துப்போன பெரியவர்கள்தான்.

நேற்று ரேடியோ கோபுரம் சாய்ந்தது. மிச்சம் இருப்பது கடை ஒன்றுதான். ஆர்டர் பட்டியல் மட்டும் செயற்கைக்கோள் வழியாகக் காலை 06:05-க்கும் மாலை 18:05-க்கும் போகும். ஒரு சுற்றுக்கு ஓர் இடத்திலிருந்து ஓர் ஆர்டர். மேட்டுக்குடியிலும், பூமியிலிருந்து இங்கே வந்துகொண்டிருக்கும் மருதம் விண்கப்பலிலும் அதே பட்டியல் தெரியும். கப்பல் நாள் 235-இல் மேட்டுக்குடியில் இறங்கும். அதுவரை அவர்கள் சோப்பு கேட்கலாம், நலமா என்று கேட்க முடியாது. எனக்கு எரிச்சலாக வருகிறது.

நாள் 213. காலை 11:15

ஆர்டரை உறுதி செய்யும் பக்கத்தில் புதிதாக ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். முகவரிக்குக் கீழே, உறுதி செய் பொத்தானுக்கு மேலே. தலைப்பு: குறிப்பு. வாங்குகிற சாக்கில் அதில் பேசிக்கொள்ளலாம். கடை என் கணினியில்தான் ஓடுகிறது. இங்கே மாற்றினால் அடுத்த சுற்றில் அங்கேயும் மாறிவிடும்.

பெட்டியை வரைய ஐந்து நிமிடம். அதில் எழுதியதைச் சேமிக்க வைக்க மூன்று மணி நேரம். முதல் தடவை எழுதினேன், உறுதி செய்தேன், ஆர்டர் போயிற்று, எழுதியது காணோம். பெட்டியைப் பக்கத்தில் காட்டு என்று சொன்னேனே தவிர, பட்டியலில் சேர்த்துக்கொள் என்று சொல்லவில்லை. அதைச் சொன்ன பிறகு உட்கார்ந்தது. செயற்கைக்கோள் ரொம்பக் கஞ்சம் என்பதால் முப்பது எழுத்து அளவு வைத்தேன்.

சோதனை: ஆங்கில a-வை முப்பது தடவை தட்டினேன். முப்பதும் போய் முப்பதும் திரும்பி வந்தது. எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன். ஒருத்தி தட்டினால் சத்தம் ஒரு மாதிரிதான் கேட்கிறது.

நாள் 214. மாலை 18:20

வந்துவிட்டது. பொருள்: எலுமிச்சை ஊறுகாய், ஒன்று. குறிப்பு: "அக்கா சாப்ட்டியா". இந்தக் கிரகத்தில் ஒருத்தர் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறார். கொஞ்ச நேரம் அழுதேன். அதையும் பதிந்து வைக்கிறேன்.

ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடித்திருந்தாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவள் அனுப்புவதை இந்தக் குறிப்பேட்டில் தமிழ் எழுத்துக்கு மாற்றி எழுதுகிறேன். "சாப்பிட்டேன். தமிழில் அடி" என்று அடுத்த சுற்றுக்கு எழுதி வைத்தேன். ஊறுகாயை வண்டியில் ஏற்றவில்லை. ஒரு ஊறுகாய்க்காக 140 கிலோமீட்டர் ஓட்டினால் வண்டியே என்னைத் திட்டும்.

நாள் 216. மாலை 18:15

மேட்டுக்குடியிலிருந்து இதுவரை நான்கு ஊறுகாய். "தமிழ்ல அடிக்க வராது போடி" என்று ஒன்றில். "மீரான் பாய் செஸ்ல தோத்தார்" என்று இன்னொன்றில். மீரான் பாய் அவர்களுடைய ஊர்தி ஓட்டுநர், செஸ்ஸில் தோற்பதற்கென்றே பிறந்தவர். நான் பதிலுக்கு "சரி", "சிரித்தேன்", "தூங்கு" என்று அனுப்புகிறேன். எனக்கு எப்போதும் சின்னப் பதில்தான்.

மருதம் கப்பலும் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டது. தலைவர் ஒரு சோப்பு ஆர்டர் போட்டு, "புயல் இருந்தாலும் இறங்கறோம்" என்று எழுதியிருந்தார். கப்பலில் ஆறு பேர். புயலில் இறங்குவது உயிரைப் பணயம் வைக்கிற காரியம் என்று அவருக்கும் தெரியும். இத்தனை பேர் காத்திருக்கும்போது அந்த மனிதர் திரும்பிப் போகமாட்டார்.

நாள் 217. காலை 09:30

தீ. கொட்டகையில் சரக்கு வண்டிக்குச் சார்ஜ் ஏற்றும் முனையில் தூசி புகுந்து பொறி பறந்து, கசிந்த ஆக்சிஜனில் பற்றியது. அடுத்த நிமிடம் கொட்டகை வெடித்தது. வண்டி போயிற்று. சார்ஜ் முனையும் அதன் பேட்டரியும் போயிற்று. நான் உள்ளறையில் இருந்தேன். இடது காது கேட்கவில்லை.

நாள் 217. காலை 11:50

எண்ணினேன். உள்ளறையில் மாற்றுக்காக வைத்திருந்த ஆறு சிலிண்டர். கொட்டகையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சிலிண்டர். கப்பல் வர இன்னும் பதினெட்டு நாள்.

ஆக, எனக்கு ஆறு நாள்.

இதை எழுதிவிட்டு டீ போட்டுக் குடித்தேன். பயமாக இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் மேட்டுக்குடியில் காற்றை அவர்களே இயந்திரத்தில் உண்டாக்கிக்கொள்கிறார்கள். வேனிலுக்கு ஒன்றும் ஆகாது. அதை நினைத்தால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

நாள் 217. மாலை 18:30

இன்று காலைச் சுற்றில் வந்த குறிப்பை இந்த அமளியில் மதியம்தான் பார்த்தேன். "ஒரு மெஷின் அவுட். அங்க வரட்டுமா".

அவர்களிடம் காற்று இயந்திரம் இரண்டு. ஒன்று நின்றாலும் மற்றது ஒன்பது பேருக்குப் போதும் என்று கையேட்டில் தெளிவாக இருக்கிறது. ஒற்றையாக ஓடும்போது சத்தம்தான் பயங்கரம். பயந்திருக்கிறார்கள். கிடங்கில் நானூறு சிலிண்டர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் ஊர்தி ஒரு சார்ஜில் 160 கிலோமீட்டர் ஓடும். இங்கே வந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டுதான் திரும்ப முடியும். இப்போது ஏற்ற முனை இல்லை. வந்தால் திரும்பமாட்டார்கள்.

தீ என்று எழுதினால் வேனில் என்னைக் காப்பாற்றக் கிளம்பிவிடுவாள். அவளை எனக்குத் தெரியும். ஆகவே காரணம் சொல்லவில்லை. ஒன்பது பேரும் கூடத்தில் நின்று படிப்பார்கள் என்பதால் அக்கா தங்கை பேச்சாக இல்லாமல், அலுவலக அறிவிப்புப் போலத் திருத்தமாக எழுதினேன். "இளவேனில், கிடங்குக்கு வர வேண்டாம்". இடைவெளி, காற்புள்ளி எல்லாம் சேர்த்து விரல் விட்டு எண்ணினேன். இருபத்தொன்று. முப்பதுக்குள் அடங்கும்.

18:05-க்குப் போய்விட்டது. பொருள் ஏதாவது போட வேண்டுமே என்று ஊறுகாய் போட்டேன். அவள் சிரிப்பாள்.

நாள் 218. காலை 06:10

பொருள்: தட்டு. எண்ணிக்கை: 9. குறிப்பு: "வேண்டும்னா வரோம்கா. கெளம்பிட்டோம்".

வேண்டும்னா?

நான் எங்கே வேண்டும் என்றேன்?

நாள் 218. காலை 06:55

கண்டுபிடித்துவிட்டேன். நான் தட்டியது என் திரையில் முழுதாகத் தெரிகிறது. செயற்கைக்கோள் எடுத்துக்கொண்ட பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதில் இருப்பது இது:

இளவேனில், கிடங்குக்கு வர வேண்ட

இயந்திரம் எழுத்தை நம்மைப் போல எண்ணுவதில்லை. "கி" நமக்கு ஓரெழுத்து. அதற்கு க ஒன்று, மேலே உள்ள வளைவு இன்னொன்று. "ம்" நமக்கு ஒன்று, அதற்கு இரண்டு. புள்ளியைக்கூடத் தனியாக எண்ணுகிறது. என் இருபத்தொன்று அதற்கு முப்பத்துமூன்று. முப்பதோடு வெட்டிவிட்டது. விழுந்தது மூன்று. ஒரு துணைக்கால், ஒரு ம, அதன் தலையில் ஒரு புள்ளி.

முதல் வகுப்பில் அ போடக் கற்றவள், சோதனை செய்ய ஆங்கில a-வைத் தட்டினேன். நம்மில் யார்தான் தமிழில் சோதித்துப் பார்க்கிறோம்? அவள் ஆங்கில எழுத்தில் அனுப்பியது ஒன்றுகூட வெட்டுப்படவில்லை. தமிழில் அடி என்று கேலி செய்தவள் நான்.

வேண்ட என்று நின்றால் பயந்து கிடக்கிறவர்கள் எதைச் சேர்த்துப் படிப்பார்கள்? வரட்டுமா என்று கேட்டதே அவர்கள்தானே.

முப்பதை முந்நூறு ஆக்கிவிட்டேன். ஒரு நிமிட வேலை. இனி அங்கே படிக்க ஆள் இல்லை.

நாள் 218. காலை 09:00

ஊர்தியில் கடைப் பக்கம் கிடையாது. கைரேடியோ மூன்று கிலோமீட்டருக்குத்தான் எட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறேன். கேட்காது என்று தெரிந்தே கூப்பிடுகிறேன்.

மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம். எண்பதாவது கிலோமீட்டருக்குள் திரும்பினால் வீடு போய்ச் சேரலாம். அந்த இடத்தை 12:45-க்குத் தாண்டுவார்கள். அது இங்கிருந்து அறுபது கிலோமீட்டர். என் உடுப்பில் ஆறு மணி நேரக் காற்று. நடந்தால் புயலில் பதினைந்து கிலோமீட்டர் போவேன். இருந்தாலும் உடுப்பை மாட்டினேன். வாசலில் என் கையே எனக்குத் தெரியவில்லை. திரும்பிவிட்டேன்.

பழுதாகி நிற்கட்டும். மீரான் பாய்க்கு வயிற்றுவலி வரட்டும். எதையோ மறந்துவிட்டோம் என்று யாராவது திரும்பச் சொல்லட்டும். அவள் பள்ளிக்கூடம் போகும்போது தினமும் எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி ஓடி வருவாளே. இன்றைக்கு ஒரு நாள் மறக்கக் கூடாதா?

நாள் 218. பகல் 12:45

கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாண்டிவிட்டார்கள்.

நாள் 218. பகல் 14:30

அணுப்பெட்டியில் ஊர்தியை நேராக மாட்டினால் முழுச் சார்ஜ் ஏற நாற்பது நாள். ஆறு சிலிண்டர், பத்துப் பேர். ஊர்தியில் அதிகம் போனால் ஒரு நாள் காற்று இருக்கும். எப்படிக் கூட்டினாலும் இரண்டு நாளைத் தொடவில்லை. நான்கு தடவை கூட்டினேன்.

அவள் கேட்ட ஒன்பது தட்டையும் எடுத்துத் துடைத்து வைத்தேன். ஆர்டர் ஆர்டர்தானே. அரிசி ஊறப் போட்டிருக்கிறேன்.

நாள் 218. மாலை 17:35

ரேடியோவில் குரல். அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா! அக்கா, கேக்குதா? மூணு கிலோமீட்டர்ல இருக்கோம். எல்லாரும் நல்லா இருக்கோம். பசிதான். சோறு வெச்சிருக்கியா?"

வைத்திருக்கிறேன் என்றேன்.

"நேத்து என்ன நீ பாதியை முழுங்கிட்டே? வேண்டன்னு வந்து நின்னுச்சு. மீரான் பாய் சொன்னாரு, வேண்டாமா இருக்கப்போவுது டாக்டரம்மா, யோசிச்சுக்கங்கன்னு. நாந்தான் சொன்னேன், எங்கக்கா வேண்டாம்னு நெனச்சா வராதடின்னு ஒரே வார்த்தையில சொல்லுவா, இப்படியெல்லாம் மரியாதையா எழுதமாட்டான்னு. சரிதானக்கா?"

சரிதான் என்றேன்.

வராதடி. இயந்திரக் கணக்கில் ஆறு. எங்கே வெட்டினாலும் அது வா என்று ஆகியிருக்காது.

நாள் 218. மாலை 18:03

ஊர்தி வாசலில் நிற்கிறது. கொட்டகை இருந்த இடத்தைப் புயல் மறைத்திருக்கிறது, இன்னும் யாரும் பார்க்கவில்லை. கதவுக் காமிராவில் வேனில் இரண்டு கையையும் ஆட்டுகிறாள். சாதம் வெந்துவிட்டது. முதலில் சாப்பிடட்டும். பிறகு சொல்கிறேன். எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை.

அதற்கு முன் மருதம் கப்பலில் இருக்கும் ஆறு பேருக்கு ஒரு வேலை பாக்கி. நாள் 235-இல் மேட்டுக்குடியிலும் ஆள் இருக்காது, இங்கேயும் இருக்காது. யாரும் இல்லாத ஊருக்காக அவர்கள் புயலில் இறங்க வேண்டியதில்லை. பெட்டியில் இப்போது முந்நூறு எழுத்து எழுதலாம். எழுதவில்லை. எனக்கும் ஒரு தட்டு வேண்டும், அதையே பொருளாகப் போட்டேன்.

கதவைத் தட்டுகிறாள்.

ஆர்டர் எண்: 58
பொருள்: தட்டு
எண்ணிக்கை: 1
குறிப்பு: வராதீங்க