மாடிக்குப் போகும் வழி

பிப்ரவரி 3

தலைநகரம் லிமா. எங்கள் மலையூர் பூனோவின் உயரத்தில் இத்தனை வருடம் மெல்லிய காற்றை இழுத்த நெஞ்சு, இங்கே என்ன செய்வதென்று தெரியாமல் நிறைகிறது.

பேருந்து நிலையத்தில் அக்கா எர்மெலிந்தா பிடித்த கையை, கோமாஸ் மேட்டிலிருக்கும் வீடு வரும்வரை விடவில்லை.

"இளைச்சிட்ட நில்டா. புஸ்தகத்தைத் தின்னா இப்படித்தான்."

பல்கலைக்கழகம் முடிந்தது. மூன்று வாரம் ஊர் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 4

விடிந்ததும் ஏணி வழியாக மாடிக்கு ஏறினேன். எதிர்க் குன்று உச்சிவரை வீடுகள். நீலம், மஞ்சள், பூசாத செங்கல். யாரும் வரைந்து வைக்காத நகரம். ஆளாளுக்கு ஒரு சுவர் எழுப்பி உண்டான ஒன்று. எந்த வகுப்பிலும் இதை எனக்குச் சொல்லவில்லை. நெடுநேரம் வாய் திறந்து நின்றிருக்கிறேன் போல. உதடு உலர்ந்துவிட்டது.

அக்கா பின்னால் வந்து நின்றாள். மாடியில் சுவர்கள் எழும்பியிருக்கின்றன, கூரை இல்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். இது உன் அறை. இங்கே உன் புத்தகம்.

"பதினெட்டாம் தேதி கூரைத் தளம் போட்டுடுவோம். அப்புறம் நீ எதுக்கு பூனோ போகணும்?"

பழச்சாறு பிழிந்து விற்று, சுவர் சுவராக, எனக்காக.

பிப்ரவரி 6

நகரின் நடுப்பகுதிக்கு வேனில் தனியாகப் போனேன். வண்டி முழுதாக நிற்கும் முன்பே, நடத்துனர் கதவில் தொங்கிக்கொண்டு கத்துகிறான்: "வலது கால், வலது கால் வெச்சு இறங்கு தாயி, உன் சாவுக்கு நான் பொறுப்பில்ல."

பழைய புத்தகக் கடைகளில் பகல் போனது. அத்தனை ஆயிரம் முகங்களில் ஒன்றுகூட, நீ யார் மகள் என்று கேட்கவில்லை. நடக்க நடக்க உடம்பு லேசாகிறது. இதற்குப் பெயர் என்ன?

பிப்ரவரி 7

கடல். எழுத முடியவில்லை.

பிப்ரவரி 8

மறுபடி முயல்கிறேன். எங்கள் பூனோ ஏரிக்கு அக்கரை உண்டு; கண் போய் அமர ஓர் இடம் உண்டு. இதற்கு இல்லை. கண் போய்க்கொண்டே இருந்தது. முழங்கால்வரை நனைந்தது தெரியாமல் நின்றேன். பக்கத்தில், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி கேட்டாள்:

"மொத தடவையா?"

"ஆமா."

"அழுவாத. ஏற்கெனவே உப்பாத்தான் இருக்கு."

பிப்ரவரி 11

மேஸ்திரி காசிமிரோ வந்தார். மேலே போக இப்போது ஏணிதான். மாடிப்படி எங்கே வருகிறது என்று கேட்டார். சமையலறைக்கு மேலே ஏணிக்கென விட்ட ஓட்டையை வைப்பதா மூடுவதா என்று கூரைத் தளம் போடும் முன் தெரிய வேண்டும். மூடிய பிறகு உடைப்பதென்றால் வம்பு.

"சமையலறைலேர்ந்து. ஒரே வாசல், ஒரே அடுப்பு," என்றாள் அக்கா.

அத்தான் தெயோஃபிலோ சிரித்தார். "தெருப் பக்கம் வை. கொழுந்தியாளுக்கு கல்யாணம் ஆயிப் போனா வாடகைக்கு விடலாம். சமையலறைல எதுக்குன்னா, யார் எப்ப வர்றா போறான்னு இவளுக்குக் கணக்கு வேணும்."

"உங்கம்மா வந்து தங்குறப்போ தெருப் பக்கமா வெச்சுத் தரேன்," என்றாள்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "எங்க வெச்சாலும் சரி" என்றேன்.

சரியா? இந்த ஊரைவிட்டுப் போக மாட்டேன் என்று எப்போது முடிவு செய்தேன்? கடலில் நின்றபோதா?

பிப்ரவரி 13

சதுக்கத்தில் கூட்டம். வேலை முடிந்து வந்தவர்கள், அலுவலகச் சட்டையும் ஓட்டக் காலணியுமாக, எங்கள் பூனோவின் நடனத்தை ஒத்திகை பார்த்தார்கள். முகமூடி இல்லை, சரிகை இல்லை. வங்கிக் காவலாளி ஒருவர் சுழன்றார். பிறந்ததிலிருந்து பார்த்த ஆட்டம், இன்றுதான் பார்த்தேன். யாரோ என் கையை இழுத்தார்கள். ஆடினேன்.

இருட்டிய பிறகு வீடு. அக்கா சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கான தட்டை மூடி வைத்திருந்தாள்.

"யார்கூட இருந்த?"

"தெரியாதவங்க கூட."

திட்டவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை என் கையையே பார்த்தாள். படி இங்கே வந்தால், இனி ஒவ்வொரு முறையும் இந்த நாற்காலியைத் தாண்டித்தான் என் அறைக்குப் போவேன்.

பிப்ரவரி 16

சொல்லிவிட்டேன். ஆரஞ்சுப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, படி தெருப் பக்கம் இருக்கட்டும்."

கத்தி நின்றது. "எனக்கும் உனக்கும் நடுவுல தெருவா?"

"எனக்குன்னு ஒரு வழி வேணும். அவ்ளோதான்."

"வழி." பழத்தைத் தள்ளி வைத்தாள். "பதினாறு வயசுல இங்க வந்து, எவளோ வீட்டு அடுப்புக்குப் பின்னாடி படுத்தேன். எப்ப வந்த, சாப்பிட்டியா, செத்தியான்னு கேக்க நாதியில்ல. உன்னய யாராச்சும் கேக்கணும்டி. அதுக்குத்தான் கட்டினேன்."

அவள் சொன்னது முழுக்க உண்மை. எனக்கு வேண்டியதும் உண்மை. ரெண்டும் ஒரே ஓட்டை வழியா போகாதே — ஏன் போகாது?

பிப்ரவரி 17

பெட்டியை எடுத்தேன். வைத்தேன்.

பிப்ரவரி 18

தெரு முழுக்கத் திரண்டது. அழைக்காமலே. இறைச்சிக்கடைக்காரர், பள்ளி ஆசிரியை, எதிர்வீட்டுக் கிழவர், ஆளுக்கொரு தகர டின்னோடு. கலவை மெஷின் வாசலில் நின்றது. தெருமுனையில் பீர் பெட்டிகள். தளத்துக்கு ஞானத்தாய், கடைசியில் பாட்டில் உடைத்து வாழ்த்துபவள், நான்தானாம். அக்கா எப்போதோ எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

மெஷினை ஓட்டும் முன் மேஸ்திரி கேட்டார்: "சமையலறை மேல ஓட்டை விட்டிருக்கு. அப்படியேதான?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள்.

"மூடுங்க. படி தெருவுல."

"நேத்தே சொல்றதுக்கென்ன? இனிமே பலகை அடிச்சு, கம்பி கட்டி..."

"கட்டுங்க. அதுவரைக்கும் எல்லாருக்கும் ஜூஸ் நான் தரேன்."

பிறகு மெஷின் உறுமியது. டின்கள் கைமாறி மேலே போயின, காலியாகிக் கீழே வந்தன. ஏணியின் நடுவில் நான். எனக்குக் கீழே அக்கா. அவள் கொடுத்த ஒவ்வொரு டின்னையும் நான் வாங்கி மேலே தந்தேன். விரல்கள் உரசின. குன்று மேல் குன்றாக நான் வியந்து பார்த்த அத்தனையும் இப்படித்தானே எழும்பியிருக்கும்.

மாலையில், ரிப்பன் சுற்றி உத்தரத்தில் தொங்கவிட்ட பாட்டிலைச் சுத்தியலால் உடைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும்.

மார்ச் 9

மாலை வகுப்புகளில் இலக்கியம் சொல்லித்தர வேலை கிடைத்தது. அக்கா, "எவ்ளோ தருவான்?" என்றாள். நல்ல சகுனம்.

ஏப்ரல் 21

தளத்தைத் தாங்கிய முட்டுகளைப் பிரித்தாயிற்று, தெருப் பக்கம் படியும் முடிந்தது. நேற்று மேலே குடிவந்தேன்.

இன்று வகுப்பு முடிந்து வந்து விளக்கைப் போட்டேன். சற்று நேரத்தில் படியில் செருப்புச் சத்தம். மெதுவாக ஏறி, வாசலில் நின்றது. கதவு தாழிடாமல்தான் இருந்தது. அக்கா தட்டினாள். தட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

திறந்தேன்.

"எத்தன மணிக்கு வந்த?" என்று கேட்டாள்.

சொன்னேன்.